முதுகில் தொண்ணூறு லிட்டர்

பழுதாகி நின்ற வண்டிகளை இழுத்து வந்தே வயிறு வளர்த்தவன் நான். அப்படிப்பட்ட என்னையும் என் பிக்கப் வண்டியையும் ஒருநாள் கனகம்மாசத்திரத்திலிருந்து திருத்தணி வரைக்கும் ஒரு கரும்பு டிராக்டர் கயிறு கட்டி இழுத்து வந்தது. டீசல் தீர்ந்துவிட்டது. அது யாருக்கும் நடக்கக் கூடியதுதான். ஆனால் அந்த நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால், கேபினை ஒட்டி, தொண்ணூறு லிட்டர் டீசல் தளும்பத் தளும்ப நின்றிருந்தது. தூர ஓட்டத்துக்கென்று நானே ஆசைப்பட்டுச் செய்து மாட்டிய கூடுதல் டேங்க். அதன் வால்வைத் திறப்பதாக நினைத்து, இன்னும் இறுக்கி மூடிவிட்டுக் கிளம்பியிருக்கிறேன்.

வால்வைச் சரியான பக்கம் திருப்பிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே என்பீர்கள். டீசல் எஞ்சின் ஒருமுறை காற்றைக் குடித்துவிட்டால் அப்புறம் பாலை ஊற்றினாலும் எழாது. குழாயிலிருந்து காற்றை எடுக்க வேண்டும். அதற்குரிய ஸ்பேனரை முந்தின நாள் உதவி செய்யப் போன ஒரு காரின் டிக்கியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். டிராக்டர்க்காரர் கயிறு கட்டும்போது என் டேங்க்கை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். உள்ளே நிறைந்திருப்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"இன்னா சார் இது? சோத்து மூட்டையத் தலையில வச்சிகினு பசின்னு உக்காந்துகினு இருக்கற!"

பஸ் ஸ்டாண்டு வரும்வரை ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். ஊர்க்காரர்கள் ஒருவர்கூடப் பார்க்காமல் விடவில்லை.

இதை நானே முதலில் சொல்லிவிடுவதற்குக் காரணம், நான் சொல்லாவிட்டால் மற்றவர்கள் சொல்வார்கள். சொல்லிக்கொண்டும் இருக்கிறார்கள். இடுப்பு எலும்பு ஒத்துழைக்க மறுத்து நான் வேலையை விட்டு ஒதுங்கிய பிறகும், எங்கள் ரெக்கவரி டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவில் மரியாதைக்காக என்னை வைத்திருக்கிறார்கள். போன மாதம் அதில் ஒரு படம் வந்தது. ஷெட் மூலையில் சாத்தி வைத்திருக்கும் என் டேங்க். கீழே, 'வாத்தியார் விட்டுச்சென்ற வெடிகுண்டு.' வண்டி காத்திருக்கும் நேரத்தில் கிளை நூலகத்துப் புத்தகம் படிப்பேன் என்பதால் எனக்கு வாத்தியார் என்று பெயர். அதன் கீழே வரிசையாகக் கருத்துகள். 'கூப்பிடு தூரத்துக்கு ஒரு பங்க் இருக்கே, இது எதுக்கு?' 'எந்த பங்க் திறந்திருக்குன்னு ஃபோனே சொல்லுதே அங்கிள்.' 'இதுல தண்ணி புடிச்சி கார் கழுவலாமா?'

சிரிக்கும் பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். வயதுக்கு அழகு அதுதான். எனக்கு அந்த அழகு வரவில்லை. அந்த டேங்க் சரியானது. அதை மாட்டியதும் சரி, வைத்து ஓட்டியதும் சரி. வால்வைத் தப்பாகத் திருப்பிய கை என்னுடையது. டேங்க்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தொழில் கற்ற கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியை முடிக்காமல் விட்டேன், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டினேன், கிளட்ச் தேய்த்ததற்காகத் திட்டு வாங்கினேன், பரந்தாமன் அண்ணனிடம் வந்து சேர்ந்தேன். மீதி எல்லாம் அவரிடம் கற்றது.

பரந்தாமன் அண்ணன் அம்மையார்குப்பத்துக்காரர். விசைத்தறி மெக்கானிக்காக இருந்து, பிறகு ஒரு பழைய பிக்கப்பை வாங்கி ரெக்கவரி தொழிலுக்கு வந்தவர். தறிச் சத்தத்திலேயே வளர்ந்ததால் காது பெரும்பாலும் போய்விட்டது. காது போனவர்கள் கத்திப் பேசுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இவர் ரகசியம் சொல்வது மாதிரி பேசுவார். எதிராளி பேசுவதை உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வார். தறிக்கூடத்தில் எல்லாருக்கும் வரும் வித்தை அது. இதனால் அவரிடம் வேலை செய்த எங்களுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. எட்டி நின்று முணுமுணுத்துத் திட்ட முடியாது. நான் ஒருமுறை ஷெட்டின் அந்தக் கோடியில் நின்று வாய்க்குள் ஏதோ சொன்னதற்கு, இந்தக் கோடியிலிருந்து மெதுவாக, "எங்கப்பன இழுக்காத பாஸ்கரு, அவரு போயி சேந்துட்டாரு" என்றார்.

டீசல் அளவைப் பார்ப்பதிலும் அவர் வழி தனி. அளவு காட்டும் முள்ளை நம்பமாட்டார். வெயிலில் நின்ற டேங்க்கின் மேலிருந்து கீழாக உள்ளங்கையை மெல்ல நகர்த்துவார். வெறும் தகடு சுடும். டீசல் இருக்கும் இடம் சற்றுக் குளிர்ந்திருக்கும். சூடு முடியும் இடத்தில் விரலை வைத்து, "இம்மாத்தான் கீது" என்பார்.

எங்களுக்குத் தூரத்து அழைப்புகள் நிறைய வரும். திருத்தணி மலைக்கு வந்து திரும்பிய பக்தர்களின் வண்டி ஹைதராபாத் பக்கம் நிற்கும். துணி ஏற்றிப் போனவர்களின் வேன் சோலாப்பூரில் நிற்கும். சொந்த ஊர் மெக்கானிக் கையால்தான் வண்டியைத் திறக்க வேண்டும் என்று ஒரு ஜனத்துக்குப் பிடிவாதம். அந்தப் பிடிவாதம் வாழ்க, எங்களுக்கு அதுதான் சோறு. ஆனால் ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு ஓடும் பிக்கப் டீசலைக் குடிப்பதில்லை, மொண்டு ஊற்றுகிறது. பின்னால் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் சுமையோடு எந்த பங்க்கிலும் சட்டென்று நுழைந்து வளைந்து வெளியேறவும் முடியாது. ஒருமுறை நான் நுழைந்து பங்க்கின் காற்றடிக்கும் மெஷினைத் தள்ளிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் கூடுதல் டேங்க் வேண்டும் என்று அடம் பிடித்தேன். அண்ணன் ரொம்ப யோசித்தார். ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் மாட்ட விட்டார். கிடைத்த டிரம்மைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்காக நான் இங்கே வாதாட வரவில்லை.

ஒரு பிழை நடந்தது. அதையும் ஒளிக்கவில்லை. இந்த மாதிரி டேங்க்குக்கு உள்ளே குறுக்கே தடுப்புத் தகடுகள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி டேங்க் டீசல், பிரேக் போடும்போதெல்லாம் முன்னும் பின்னும் ஓடி மோதும். வெல்டர் தகடு வெட்ட இன்னொரு நாள் கேட்டார். நான், "அதெல்லாம் வேணாம்பா, மாட்டு" என்றேன். ஒரு மாதம் கழித்து, ஹூக்கில் ஒரு காரைத் தூக்கிக்கொண்டு நகரி பக்கம் ஒரு சரிவில் இறங்கினேன். பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, உள்ளே இருந்த பாதி டேங்க் டீசல் ஓடிவந்து முன்தகட்டில் மோதியது. நின்ற வண்டி மறுபடி நகர்ந்தது. யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்துத் தள்ளியது போல இருந்தது. முன்னால் போன ஆட்டோவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு வெற்றிலை நுழையும் இடம்தான் மிச்சம்.

பிறகு தகடு வைக்கலாமே என்றால், வைக்க முடியாது. டீசல் குடித்த டேங்க்கை வெட்டிப் பற்றவைக்க எந்த வெல்டரும் கிட்டே வரமாட்டார். உள்ளே தங்கும் ஆவியில் தீப்பொறி பட்டால் டேங்க்கோடு வெல்டரும் போய்விடுவார். புதிது செய்ய அண்ணன் ஒப்பவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சட்டம் போட்டார்.

"மலையில இறங்கும்போது டேங்க் ரொம்பி இருக்கணும், இல்லினா காலியா இருக்கணும். பாதி மட்டும் ஆகாது. ஆங்?"

ரொம்பிய டேங்க்கில் டீசல் ஓட இடமில்லை. காலி டேங்க்கில் ஓட டீசல் இல்லை. அவ்வளவுதான் தத்துவம். இன்னொரு சட்டமும் உண்டு. மேல் டேங்க்கிலிருந்து வண்டியின் சொந்த டேங்க்குக்கு டீசல் தானாகவே இறங்கும். சமதரையில் நின்று வால்வைத் திற, மூடிவிட்டு நகரு. திறந்தபடி ஓட்டினால் கீழ் டேங்க் நிரம்பி வழிந்து ரோட்டில் சொட்டும். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் அதில் வழுக்கி விழுவார். டிராக்டர் இழுத்து வந்த அந்த ஒரு நாளைத் தவிர, இந்த இரண்டையும் நான் மீறியதில்லை. வால்வைத் திருப்பும் திசை பற்றி அவர் சட்டம் எதுவும் போடவில்லை. போட்டிருக்கலாம்.

இனி ரத்னம்மா விஷயம். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ரத்னம்மா குடைராட்டினம் வைத்திருப்பவர். மரக்குதிரை, யானை, வாத்து எல்லாம் சுற்றுமே, அது. பெல்லாரி பக்கத்துத் திருவிழாக்களை முடித்துக்கொண்டு ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் திருத்தணி வருவார். அவருக்கு வருஷம் முழுக்க ஓடும் சோறு இந்தக் கிருத்திகைச் சந்தையில்தான். மலையடிவாரத்தில் படிக்கட்டுப் பக்கம் அவருக்கென்று ஓர் இடம் வழக்கமாக உண்டு. ஆனால் அந்த மைதானத்தில் ஒரு கட்டுப்பாடு. சந்தைக்கு முந்தின நாள் விளக்கு வைப்பதற்குள் இரும்பு முளை அடித்தவருக்கே இடம். அடிக்காவிட்டால், காத்திருக்கும் அடுத்த ராட்டினக்காரருக்குப் போய்விடும். இடம் ஒருமுறை கைமாறினால் அடுத்த வருஷம் திரும்பக் கிடைக்காது.

அந்த வருஷம் பெல்லாரியில் அவருடைய ஜீப்பின் கியர்பாக்ஸ் கழன்றது. டிரெய்லரில் ராட்டினம் மூட்டை கட்டிக் கிடக்கிறது, இழுக்க வண்டி இல்லை. புருஷனை ஜீப்போடு மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு எங்கள் ஷெட்டுக்கு ஃபோன் செய்தார். நான் இரண்டு டேங்க்கையும் நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். போய்ச் சேர்ந்த பிறகுதான் செய்தி வந்தது: மறுநாள் ஆந்திரா முழுக்க பந்த். எதற்கு என்று அன்றைக்கும் எனக்குச் சரியாகப் புரியவில்லை. பங்க் ஒன்றும் திறக்காது என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. கீழ் டேங்க்கை பெல்லாரியிலேயே மறுபடி நிரப்பிக்கொண்டேன். மேல் டேங்க்கைத் தொடவே இல்லை.

விடிந்ததும் கிளம்பினோம். ரத்னம்மா என் பக்கத்து சீட்டில், மடியில் இரும்பு முளையும் சுத்தியலும். ஏன் என்று கேட்டேன்.

"டிரெய்லர்ல வச்சா எடுக்க நேரமாயிடும் அண்ணா. இறங்கினவொடனே அடிக்கணும்ல?"

அனந்தபூர் தாண்டினோம். வழியில் மூடிக் கிடந்த பங்க்குகளை நான் எண்ணவில்லை. ஒவ்வொன்றையும் கடக்கும்போது என் டேங்க்கைத் திரும்பி ஒரு பெருமிதப் பார்வை பார்த்தேன், அவ்வளவுதான். ஃபோனைக் கேட்டிருந்தால் அதுவும் எல்லா பங்க்கையும் சரியாகக் காட்டியிருக்கும். இடத்தைக் காட்டும், டீசல் ஊற்றாது.

கதிரியில் ரோட்டில் டயரைக் கொளுத்திப் போட்டு மறித்திருந்தார்கள். ஒருவர் ஜன்னலில் கையை வைத்துத் தெலுங்கில் கத்தினார், இன்றைக்கு இந்த மாநிலத்தில் சக்கரம் எதுவும் சுற்றக் கூடாது என்று. ரத்னம்மா இறங்கிப் போய் டிரெய்லரின் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். உள்ளே வெள்ளைக் குதிரைகள் பல்லைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தன.

"நல்லா பாத்துக்கோ நாயனா. சுத்தறதுதான் என் தொழிலே. அதையே மடிச்சி வச்சிகினு போறேன். இதவிட பெரிய பந்த் யாரு பண்ணுவாங்க?"

தெலுங்கில் இது இன்னும் காரமாக இருந்தது. சிரித்துவிட்டார்கள். எரியும் டயரை ஒரு பக்கம் தள்ளி வழிவிட்டார்கள். மதனப்பள்ளி தாண்டி, பீலேர் வரும்போது கீழ் டேங்க்கின் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது.

பீலேரை அடுத்து பாக்கராபேட்டை மலைப்பாதை. அதில் இறங்கினால் திருப்பதி. இந்தப் பக்கத்து டிரைவர்கள் யாரும் அந்த இறக்கத்தைப் பற்றி விளையாட்டாகப் பேசமாட்டார்கள். என் பின்னால் வருவதோ பிரேக் இல்லாத டிரெய்லர். அதன் மேல் ஒரு மரக்குதிரைப் பட்டாளம்.

மூடியிருந்த ஒரு கல்யாண மண்டபத்தின் முன்னால் தரை மட்டமாக இருந்தது. நிறுத்தி, வால்வைத் திறந்தேன். சரியான பக்கம்தான், இரண்டு முறை பார்த்தேன். உள்ளங்கையை டேங்க்கின் மேல் வைத்துக் குளிர்ச்சி இறங்குவதைத் தொடர்ந்தேன். கீழ் டேங்க் நிரம்பியதும் மூடினேன். வீடு போய்ச் சேர அதுவே தாராளம். ஆனால் மேல் டேங்க்கில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். ரொம்பியும் இல்லை, காலியும் இல்லை. ரொப்பலாம் என்றால் பங்க் இல்லை.

ஷெட்டுக்கு ஃபோன் செய்தேன். அண்ணனுக்கு ஃபோனில் எதுவும் கேட்காது. அவர் மகள் கவிதா ஃபோனை வாங்கி, நான் சொல்வதை அவருக்கு உதட்டசைவில் சொல்லி, அவர் சொல்வதை எனக்குத் திருப்பிச் சொல்லும். நடுவில் தன் சரக்கையும் சேர்த்துக்கொள்ளும்.

"அப்பா கேக்கறாரு, வண்டி எங்க?"

"பீலேர்."

"ஜனம் எங்க?"

"பக்கத்துல உக்காந்துகினு கீறாங்க. சுத்தியலோட."

"டீசல் எம்மாம் கீது?"

சொன்னேன்.

"காலி பண்ணுன்றாரு."

"பந்த் அன்னிக்கா? கெடைக்காத டீசலயா?"

"ஆங். ரோட்ல ஊத்தக் கூடாதாம். மனுசங்களுக்கு ஊத்தணுமாம். அப்புறம் மாமா, இது நான் சொல்றது. பாதி டேங்க்கோட இறங்கினீங்கன்னா உங்க ஃபோட்டோவுக்கு மாலை போடறது நான்தான். பூ வெல பாத்தீங்களா இப்ப?"

ரத்னம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் போன போக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. சூரியன் மேற்கே சாய ஆரம்பித்திருந்தது.

"அண்ணா, ஊத்திகினு நின்னா நேரம் போவுமே. மெதுவா இறங்கிக்கலாம், வாங்க. என் எடம் போயிடும்ணா."

"எடம் போனா அடுத்த ஊர் பாத்துக்கலாம்மா. குதிரை எல்லாம் பள்ளத்துல போச்சுன்னா?"

"அடுத்த ஊர் ஏது? நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டீங்க."

அவர் சொன்னதும் நியாயம்தான். நான் கேட்கவில்லை. பாதி டேங்க் தோளைத் தள்ளிய உணர்வு எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

எதிரில் ஒரு தக்காளி வேன் நின்றிருந்தது. டீசல் தீர்ந்து காலையிலிருந்து நிற்கிறது. கீழ்ப்பெட்டித் தக்காளி நசுங்கிச் சாறு ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவரைக் கூப்பிட்டு, கேன் இருந்தால் கொண்டு வா, சும்மா தருகிறேன் என்றேன். முதலில் நம்பவில்லை. பிறகு நம்பியவர், அந்த நல்ல செய்தியைத் தனக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவராக இருந்தார்.

எந்தச் சந்திலிருந்து வந்தார்கள் என்றே தெரியவில்லை. கேன், குடம், எண்ணெய் டின், ஒருவர் கையில் பால் தூக்கு. ஒருவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து மூடியைத் திறந்து காட்டினார். இது டீசல், உங்கள் வண்டி குடிக்காது என்றேன். நான் கஞ்சன் என்று திட்டிவிட்டுப் போனார். நான் வால்வு குழாயைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு ஊற்ற, ரத்னம்மா சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையை ஒழுங்குபடுத்தினார். சுத்தியல் கையில் இருந்தால் வரிசை தானாக நேராகிறது.

பாதி வேலைகூட முடியவில்லை. ஒலிபெருக்கி கட்டிய ஒரு ஜீப் வந்து குறுக்கே நின்றது. உள்ளே கழுத்தில் துண்டு போட்ட ஒருவர், கையில் மைக். ஊருக்கே கேட்கும்படி தெலுங்கில் ஆரம்பித்தார். மக்கள் போராட்டத்தைக் காட்டிக் கொடுக்க, பக்கத்து மாநிலத்திலிருந்து ஒருவன் வந்து நடுரோட்டில் பங்க் திறந்திருக்கிறான். இந்தக் கள்ளச் சந்தைக்காரனை இந்த ஊர் மன்னிக்குமா?

கள்ளச் சந்தையில் இலவசமாக விற்றவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஜீப் இரண்டு முறை இருமியது; உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது; அணைந்தது. டிரைவர் சாவியைத் திருகிப் பார்த்தார். திருகினார். தலையை ஆட்டினார். அந்த ஊர் பங்க்குகளைக் காலையில் மூடவைத்தவர்களே இவர்கள்தான்.

தலைவர் இறங்கி என்னிடம் வந்தார். என் காதோரம் குனிந்து, ரொம்பப் பணிவாக, கிசுகிசுப்பாக, "அன்னா, நமக்கும் ஒரு அஞ்சு லிட்டர் போட்டு விடுங்கன்னா" என்றார். மைக் அவர் கையிலேயே இருந்தது. எஞ்சின்தான் நின்றதே தவிர, பேட்டரியில் ஓடும் ஒலிபெருக்கி நிற்கவில்லை. 'அஞ்சு லிட்டர் போட்டு விடுங்கன்னா' என்று பீலேர் கடைவீதி முழுக்க ஒலித்தது. பால் தூக்கு வைத்திருந்தவர் சிரித்ததில் டீசல் அவர் வேட்டியில் கொட்டியது.

மிச்சம் இருந்த எல்லாவற்றையும் அந்த ஜீப்பிலேயே கவிழ்த்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும். குழாயில் ஏறியிருந்த காற்றையும் எடுத்துவிட்டேன்; அன்றைக்கு ஸ்பேனர் கையில் இருந்தது. உள்ளங்கையை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தேன், தகடு முழுக்க ஒரே சூடு. தலைவருக்கு மானம் போன கோபம் ஒரு பக்கம், டீசல் கிடைத்த சந்தோஷம் இன்னொரு பக்கம். கடைசியில் சந்தோஷம் ஜெயித்தது. மலை முடியும்வரை தானே முன்னால் வந்து வழி செய்வதாகச் சொன்னார்.

இறக்கத்தில் இரண்டாவது கியர். ஏறப் போடும் கியரில்தான் இறங்க வேண்டும் என்பது இழுக்கிறவர்களின் பால பாடம். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இருக்கக் கூடாது. சூடேறினால் பிரேக் இருந்தும் இல்லாத கதை. அழுத்து, விடு, எஞ்சின் பிடிக்கட்டும், மறுபடி அழுத்து. ஒவ்வொரு வளைவிலும் டிரெய்லர் கொக்கியில் ஒரு இடி இடிக்கும். அந்த இடி வந்து, அதன் பின்னால் இன்னொரு தள்ளல் வருகிறதா என்று என் முதுகு காத்திருந்தது. வரவில்லை. வளைவுக்கு வளைவு காத்திருந்தது. வரவே இல்லை. ஒரு திருப்பத்தில் எதிரே ஒரு லாரி மலையேறி வந்து, இடம் கேட்டு நடுரோட்டுக்கு வந்துவிட்டது. அழுத்தினேன். நின்ற இடத்தில் நின்றோம். லாரியின் கண்ணாடி என் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. முன்னால் ஜீப், 'நம் ஒற்றுமையை எவராலும் அசைக்க முடியாது' என்று காட்டுக்குள் இருந்த குரங்குகளுக்கு அறிவித்துக்கொண்டே போனது. ரத்னம்மா மலை முடியும்வரை முளையையும் சுத்தியலையும் மடியில் அணைத்துப் பிடித்திருந்தார். ரங்கம்பேட்டைச் சமவெளி தெரிந்ததும், "அந்த லாரி வந்த எடத்துல தள்ளியிருக்குமாண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

"தள்ளியிருக்கும்."

புத்தூர், நகரி. எல்லையைத் தாண்டியதும் திறந்திருந்த முதல் பங்க்கைப் பார்த்து நான் ஹாரன் அடித்தேன். ஒரு தேவையும் இல்லை, சும்மா. திருத்தணி மலையடிவாரத்தை அடைந்தபோது ஆகாயம் செம்மண் நிறம். மைதானத்தில் ரத்னம்மாவின் இடத்து ஓரத்தில் வேறொருவரின் ராட்டினம், கட்டவிழ்க்கத் தயாராக நின்றிருந்தது. அதன் ஆள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெருவிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வண்டியை ரிவர்ஸ் எடுக்க இடம் தேடுவதற்குள் ரத்னம்மா கதவைத் திறந்து குதித்துவிட்டார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். முளையை நட்டார். மூன்றாவது அடி விழும்போது தெருவிளக்கு எரிந்தது.

"அக்கா, வெளக்கு வச்சாச்சு!" என்றார் கைலிக்காரர்.

"மொளையும் வச்சாச்சு தம்பி" என்று நாலாவது அடியை அடித்தார் ரத்னம்மா.

மைதானத்துக் கணக்குப்பிள்ளை இருவரையும் பார்த்தார், முளையை ஆட்டிப் பார்த்தார், அது ஆடவில்லை. இடம் ரத்னம்மாவுக்கு.

வாட்ஸ்அப் தம்பிகளே, பக்கத்து பங்க் எங்கே என்று சொல்ல உங்கள் ஃபோனுக்குத் தெரியும். அந்த பங்க்கின் கதவில் பூட்டு தொங்கினால் உங்கள் ஃபோனை டேங்க்கில் பிழிந்து ஊற்ற முடியாது. தொண்ணூறு லிட்டர் இருந்ததால் பெல்லாரியிலிருந்து பீலேருக்கு அந்தப் பக்கம் வர முடிந்தது. மிச்சத்தைக் கொட்டிக் கொடுத்ததால் மலை இறங்க முடிந்தது. தடுப்புத் தகடு வைக்காதது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். வைத்து ஒன்று செய்துகொள்ளுங்கள். டேங்க் வேண்டாம் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். இடுப்பு போனாலும் எனக்கு வாய் போகவில்லை.

முளை அடித்த மறுநாள் கிருத்திகை. காவடிக் கூட்டத்தில் நீந்தி, மனைவியையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். குதிரைகள் சுற்றிக்கொண்டிருந்தன. இவை எல்லாம் யாரால் சுற்றுகின்றன என்று மனைவிக்கு விளக்கிக்கொண்டே, ரத்னம்மா நாலு பேர் முன்னால் ஒரு கும்பிடு போடுவார் என்ற எதிர்பார்ப்போடு கிட்டே போய் நின்றேன். எதிர் வரிசையில் முந்தின நாள் கைலிக்காரர் ராட்டினம் போட்டு, பெரிய ஒலிபெருக்கி கட்டிக் கூட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தார். இங்கே ரத்னம்மாவுக்கு, வாயருகே கையைக் குவித்துக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கிட்டே வந்தார். கரகரத்த குரலில் சொன்னார்:

"அம்மாம் டீசலயும் சும்மா ஊத்திட்டீங்களேண்ணா, பதிலுக்கு அந்த ஜீப்காரரோட மைக் செட்டையாவது கேட்டு வாங்கியிருக்கக் கூடாதா?"